எறங்கிட்டேன் என்ற பொய்

இரண்டாயிரத்து ஐந்தில் நான் விமானம் ஓட்டக் கற்றுக்கொண்டிருந்தேன். மரக்காணம் உப்பளக் கூலிக்காரர் மகள், அரசு உதவித்தொகையில். தினமும் சாயங்காலம் அம்மா எங்கள் ஊர்ப் பெட்டிக்கடை போனுக்கு வந்து நிற்பாள். ஒரே கேள்விதான்: "எறங்கிட்டியா?"

"எறங்கிட்டேம்மா" என்பேன். பச்சைப் பொய். ஒரு நாள்கூட நான் இறக்கியதில்லை. கடைசி நேரத்தில் பக்கத்து சீட் இன்ஸ்ட்ரக்டர் என் கையிலிருந்து விமானத்தைப் பிடுங்கி இறக்குவார். அதை அவளிடம் எப்படிச் சொல்ல? போன வருஷம் கடல் பொங்கி வந்த காலையில், அனுமந்தைக்கு மீன் வாங்கப் போன அப்பா திரும்பி வரவே இல்லை.

என் தப்பு ஒன்றேதான். இறங்கும்போது விமானம் அளவுக்கு மேல் தாழ்ந்தால், கை தானாக ஓட்டும் பிடியை நெஞ்சுப் பக்கம் இழுக்கும். மூக்கு தூக்கும், வேகம் செத்துப்போகும், விமானம் இன்னும் தாழும். "மூக்கு வேகத்துக்கு, த்ராட்டில் உயரத்துக்கு! எத்தனை தடவை சொல்றது?" என்று இன்ஸ்ட்ரக்டர் கத்துவார். த்ராட்டில் என்றால் வலது கையில் இருக்கும் இன்ஜின் விசைப் பிடி. மண்டையில் ஏறியது கைக்கு வரவில்லை. "திங்கக்கிழமையும் நான்தான் இறக்கணும்னா, நீ பெட்டியக் கட்டிக்கோ" என்றார்.

இரண்டு நாள் லீவில் ஊருக்கு வந்தேன். அம்மாவோடு பாத்தியில் இறங்கி உப்பு வாரினேன். உப்பு வாரும் பலகை அடிச் சேற்றில் பதிந்தது. அதன் கம்பை நெஞ்சுக்கு இழுத்தேன். அடச்சீ! அப்படியே நின்றுவிட்டேன். பள்ளிக்கூட லீவெல்லாம் பழகிய இழுப்பு. இங்கே அது உப்பில் சேறு கலக்காமல் காப்பாற்றும், மேலே ஆளைக் கொல்லும்.

அதற்குப் பிறகு பலகை பதியும்போதெல்லாம் இழுக்காமல் நின்று, வலது கையை மட்டும் முன்னால் தள்ளிப் பார்த்தேன்.

"ஏன்டி, உப்பு வார்றியா, பேய் ஓட்டறியா?" என்றாள் அம்மா.

திங்கட்கிழமை ரன்வேக்கு முன்னால் விமானம் தாழ்ந்தது. இழுக்கவில்லை. மூக்கை அசைக்காமல் த்ராட்டிலைக் கொஞ்சம் தள்ளினேன். தாழ்வது நின்றது. ரன்வே மேல் வந்ததும் த்ராட்டிலை முழுக்கக் குறைத்து, மூக்கை மெல்ல மெல்லத் தூக்கினேன். பின் சக்கரம் இரண்டும் தொட்டன. இன்ஸ்ட்ரக்டர் கை அவர் மடியிலேயே இருந்தது.

சாயங்காலம் அம்மா கேட்டாள், "எறங்கிட்டியா?"

"எறங்கிட்டேம்மா." சொல்லும்போதே அழுதுவிட்டேன்.

"தெனம் எறங்கறவதானே, இன்னிக்கு என்னாடி?" பிறகு அவளே கேட்டாள், "அப்பாவ நெனச்சிக்கிட்டியா?"

"ஆமாம்மா."

அந்தப் பக்கம் அவளும் அழ ஆரம்பித்தாள். அன்றைக்கு முழுக்க அப்பாவை நான் ஒரு தடவைகூட நினைக்கவில்லை.