பாறை தெரியாத படம்

பள்ளிக்கூடத்துச் சுற்றாடல் கண்காட்சிக்கு யார் படம் எடுத்து வருவீர்கள் என்று டீச்சர் கேட்டபோது நான் கையைத் தூக்கினேன். "லயத்துல ஏது கேமரா?" என்றார். தோட்டத்துக் கிளாக்கர் மகன் சிரித்தான். அவனைக் கடித்துவிடலாம் போல இருந்தது.

கேமரா இருந்தது. றக்வான டவுன் ஸ்டூடியோவில் வேலை செய்த மாமாவிடம். எதை எடுப்பது என்பதும் தெரியும். பால் வெட்டுவதை நிறுத்திய பழைய ரப்பர் மலையில், ஒரு புற்றடியில், இடி இடித்த மறுநாள் காளான் பூத்துக் கிடக்கும். காளான் இடத்தை எங்கள் லயத்து வரிசை வீடுகளில் யாரும் வெளியே சொல்வதில்லை. அம்மா அதை அப்பாவுக்குக்கூடச் சொன்னதில்லை. என்னை மட்டும் கூட்டிப்போவாள். படம் எடுக்கலாம், இடம் தெரியக் கூடாது என்றாள். மாமாவையே வர விடவில்லை; கேமராவை மட்டும் வாங்கிக்கொண்டாள்.

நான் எடுத்த முதல் படத்தைக் கேமராவிலேயே பார்த்தாள்.

"பாறை தெரியுது. அழி."

அடுத்த படத்தில் ஒரு ரப்பர் மரமும் வந்துவிட்டது.

"ஒங்கப்பா பட்டையில உள்ள பால் வெட்டப் பாத்தே எந்த மரம்னு சொல்லிருவாரு. அழி."

பேட்டரியில் ஒரு கோடுதான் மிச்சம். கிட்டத்தில் வைத்து எடுக்க, மாமா சொல்லிக்கொடுத்தபடி பூப் போட்ட பொத்தானை அழுத்தினேன். சேற்றில் குப்புறப் படுத்து, மூக்கு இடிக்கும் அளவுக்குக் காளானுக்கு அடியில் போனேன். கழுத்தில் அட்டை ஏறியது. ஏறட்டும் என்று விட்டேன். விழுந்த படத்தில் குடையின் அடிமடிப்புகள், ஒரு நீர்த்துளி, மடிப்புக்குள் தலையை விட்ட ஓர் எறும்பு. வேறொன்றும் இல்லை.

"இத வச்சுக்க" என்றாள் அம்மா.

கண்காட்சியில் அதற்குத்தான் முதலாம் இடம். "யாரு எடுத்துக் குடுத்தா?" என்றார் டீச்சர்.

"நாந்தான். அட்ட கடிச்சதக் காட்டவா?"

கிளாக்கர் மகன் இப்போது சிரிக்கவில்லை.

அப்பாவும் பார்க்க வந்தார். படத்தில் மூக்கை ஒட்டிக்கொண்டு நின்றார். "இருவது வருஷமா பால் வெட்டுறேன். நான் பாக்காத மூலையா? எங்கடி இது?"

"கண்டுபிடிங்க பாப்போம்" என்றேன்.

தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். கடைசி வரை அவரால் கண்டுபிடிக்க முடியவில்லை. அந்தப் பரிசை விட எனக்கு அதுதான் பெரிது, இன்றைக்கும்.

காளானைக் காப்பாற்றிவிட்டதாகத்தான் அப்போது நினைத்தேன். மழையே இல்லாத மாசியிலும், அப்பா அடிக்கக் கைநீட்டிய நாட்களில், அம்மா கூடை இல்லாமல் தனியாக அந்தப் புற்றடிப் பக்கம் போய்விடுவாள். "இப்ப போனா காளான் இருக்காதும்மா" என்று நானும் விவரம் தெரிந்தவள் மாதிரி ஒவ்வொரு தடவையும் சொல்லிக்கொண்டிருந்தேன்.