பிறந்த தேதியைச் சொல்லுங்கள்

டொலிடோ நகரின் கண்ணாடித் தொழிற்சாலை மூடப்பட்டபோது வெர்னா நொவாக்குக்கு வயது ஐம்பத்து மூன்று. இருபத்தாறு ஆண்டுகள் குவளைகளைப் பெட்டியில் அடுக்கிய கைகளோடு சமுதாயக் கல்லூரியில் மருத்துவ அலுவலக நிர்வாகம் படிக்கச் சேர்ந்தார். நோய்க் குறியீடுகளும் காப்பீட்டுப் படிவங்களும் அவருக்கு எளிதில் வசப்பட்டன. இரண்டாம் பருவத்தில், நூற்றிருபது மணி நேரப் பயிற்சிக்காக ஒரு மருத்துவமனைக்கு அனுப்பப்பட்டார்.

நேரம் குறித்திருந்த நோயாளிகளை அழைத்து நினைவூட்டுவது அங்கே அவர் வேலை. எழுதிக் கொடுத்திருந்த வரிகளின்படி முதலில் தன் பெயரைச் சொல்லி, நோயாளியின் முழுப்பெயரைக் கேட்க வேண்டும்; பிறகு பிறந்த தேதி. இரண்டும் பொருந்தினால்தான் மற்றப் பேச்சு. தெரிந்தவர் பெயர் வந்தால், அழைப்பை இன்னொருவரிடம் கொடுத்துவிட வேண்டும்.

"வெர்னா, இப்படி மெஷினாட்டம் படிக்காதீங்க," என்றாள் மேற்பார்வையாளர் ரமோனா. "நேத்து ஒரு தாத்தா உங்கள ரெக்கார்டிங்னு நெனச்சு ஒண்ணாம் நம்பரை அமுக்கிக்கிட்டே இருந்தாராம்!"

செவ்வாய்க்கிழமைப் பட்டியலில் பதினோராவது பெயர் ஜோலின் நொவாக். வெர்னாவின் மகள்.

மூன்றாண்டுகளுக்கு முன், மகளின் இறுதித் தேர்வு கெடக்கூடாதென்று, தகப்பனின் நோய் முற்றியதை வெர்னா மறைத்துவிட்டார். அடக்கம் முடிந்த பிறகே ஜோலின் வந்து சேர்ந்தாள். அன்றிலிருந்து தாயின் அழைப்பை அவள் எடுத்ததில்லை. மருத்துவமனை எண்ணென்றால் எடுப்பாள். ரமோனா அடுத்த மேசையில்தான் இருந்தாள்; வெர்னா அவளைக் கூப்பிடவில்லை.

"ஹலோ?"

"ஆஸ்பத்திரிலேர்ந்து பேசறேன். உங்க முழுப்பேர் சொல்லுங்க."

"ஜோலின் நொவாக்."

"பிறந்த தேதி?"

"மார்ச் ஒம்போது, தொண்ணூத்தேழு."

அன்று தெருவில் முழங்காலளவு பனி. பிரசவ அறைக்குள் காலணியைக் கழற்றவும் நேரமிருக்கவில்லை. வெர்னா திரையில் 'பொருந்துகிறது' என்று குறியிட்டார்.

"வியாழக்கிழமை காலைல பத்தேகாலுக்கு வரணும். கால் மணி முன்னாடியே வந்துடுங்க. காப்பீட்டு அட்டை எடுத்துட்டு வாங்க."

"பேசறது யாரு?"

முதல் வரியிலேயே சொல்லியிருக்க வேண்டிய பெயர் அது.

"வெர்னா."

"'முழுப்பேர்'னு சொல்லும்போதே தெரிஞ்சிடுச்சு. அன்னிக்கு கவுன்ட்டர்ல நீ இருப்பியா?"

"இருக்கட்டுமா?"

"வேண்டாம்மா. நீ இருந்தா நான் உள்ள வராமலே திரும்பிடுவேன். ஆனா நான் வந்தே ஆகணும்."

உனக்கு என்ன உடம்புக்கு என்ற கேள்வி வாய்வரை வந்தது. அதைக் கேட்கும் உரிமை பயிற்சி மாணவிக்கு இல்லை; தாய்க்கும் மகள் அதை இன்னும் தரவில்லை.

"நான் இருக்க மாட்டேன். அட்டைய மறந்துடாதீங்க," என்று சொல்லித் தொலைபேசியை வைத்தார்.

பிறகு ரமோனாவிடம் நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னார்.

"பேரப் பாத்ததுமே எங்கிட்ட தள்ளியிருக்க வேண்டாமா? இப்ப நான் காலேஜுக்கு எழுதணும், வெர்னா."

"எழுதுங்க. வியாழக்கிழமை மட்டும் என்னை உள்ளே பதிவேட்டு அறையில போட்டுடுங்க."

பதிவேட்டு அறைக்குச் சன்னல் இல்லை. வியாழன் பத்து மணி இரண்டு நிமிடத்துக்குத் திரையில் ஜோலினின் பெயரருகே 'வந்துவிட்டார்' என்று மாறியது. பெயரின்மேல் ஒருமுறை தட்டினால் வந்த காரணம் தெரிந்துவிடும். இரண்டு சுவர்களுக்கு அப்பால் மகள் உட்கார்ந்திருந்தாள். வெர்னா கைகள் இரண்டையும் மடியில் கோத்துக்கொண்டு, அந்த ஒற்றைச் சொல்லையே பார்த்துக்கொண்டிருந்தார்.