நான் உலர்த்திய கோபால்ட்

மன்னார்குடிப் பக்கம் வெள்ளத்தில் மூழ்கிய மோட்டார் என்றால் என் கடைக்குத்தான் வரும். ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் நான். ஆனால் சேறு குடித்த பம்புசெட்டுகள் எத்தனையோ என் கையில் மறுபடி தண்ணீர் இறைத்திருக்கின்றன. மற்ற கடைகளில் "காயில் போச்சு, கம்பியைப் புதுசா சுத்தணும்" என்று கைவிட்டதை நான் கழற்றிக் கழுவி, தகரப் பெட்டிக்குள் நூறு வாட் பல்பைப் போட்டுக் காயவைத்து ஓட்டிக் காட்டியிருக்கிறேன். ஈரம்தான் மோட்டாருக்கு எமன். இதைத் தற்பெருமை என்று யாராவது சொன்னால் சொல்லட்டும். நடந்ததைச் சொல்ல எனக்கென்ன கூச்சம்?

இந்தக் கைதான் என் மருமகளின் மூன்று வருட உழைப்பிலும் பட்டது.

மகன் சிங்கப்பூரில் இருக்கிறான். மருமகள் எங்களோடு இருந்துகொண்டு, தினமும் பஸ்ஸில் தஞ்சாவூர் போய் வேதியியலில் ஆராய்ச்சி செய்தாள். என்னதான் ஆராய்ச்சி என்று ஒருநாள் சாப்பிடும்போது கேட்டேன்.

"காந்தம் மாமா. நீங்க பாக்குற காந்தத்துல கோடிகோடியா அணுக்கள் ஒண்ணை ஒண்ணு புடிச்சுக்கிட்டு ஒரே பக்கம் பாத்து நிக்கும். என்னோடதுல ஒவ்வொரு மூலக்கூறும் தனித்தனிக் காந்தம். நடுவுல ஒரே ஒரு கோபால்ட் அணு."

"சரி, அதை வெச்சு என்ன பண்ணுவ?"

"வெளிய இருந்து ஒரு காந்தத்தைக் காட்டி அதைத் திருப்புவோம். அப்புறம் அந்தக் காந்தத்தை எடுத்துடுவோம். திரும்பின திசையை எவ்வளவு நேரம் விடாம வெச்சிருக்குன்னு அளக்கணும்."

"எவ்வளவு நேரம் வெச்சிருக்கும்?"

"நல்லதா அமைஞ்சா கண் சிமிட்டுற நேரம். அதுவும் திரவ ஹீலியத்துக் குளிர்ல."

நான் சோற்றைப் பிசைவதை நிறுத்திவிட்டேன். "கண் சிமிட்டுறதுக்கா மூணு வருஷம்?"

"உங்க மோட்டார்த் தகட்டுல காந்தம் தங்கினா நல்லதா மாமா?"

"தங்கக் கூடாதும்மா. தங்கினா சூடேறும்."

"உங்களுக்குத் தங்கக் கூடாது, எங்களுக்குத் தங்கணும். ரெண்டு பேரும் ஒரே கடைதான்."

எனக்கு அது பிடித்திருந்தது. மறுநாள் கடைக்கு வந்தவர்களிடமெல்லாம், என் மருமகளும் நம்ம லைன்தான் என்று சொன்னேன்.

அளக்கிற மெஷின் தஞ்சாவூரில் கிடையாது. வேறு மாநிலத்தில் ஒரு பெரிய நிலையத்தில் இருந்தது. எழுதிப்போட்டு முறை வாங்க வேண்டும். மாதக்கணக்காகக் காத்திருந்து அவளுக்கு ஒரு திங்கட்கிழமை கிடைத்தது. அதை விட்டால் அடுத்த முறைக்கு நாலைந்து மாதம் ஆகும். அதற்குள் ஆய்வேட்டைக் கொடுக்க வேண்டிய கெடு முடிந்துவிடும். ஞாயிறு மாலை தஞ்சாவூரில் ரயில். அளக்க வேண்டிய படிகங்களை வெள்ளிக்கிழமையே ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பியில் வீட்டுக்குக் கொண்டுவந்து ஃப்ரிட்ஜில் வைத்தாள். "அத்தை, இதை யாரும் தொட வேண்டாம்" என்று என் மனைவியிடம் சொன்னாள். நான் அப்போது கடையில் இருந்தேன்.

சனிக்கிழமை அவள் ஒரு கடிதத்தில் கையெழுத்து வாங்கத் தஞ்சாவூர் போயிருந்தாள். என் மனைவி ஃப்ரிட்ஜைக் கழுவுவதற்காகச் சாமான்களையெல்லாம் மேசையில் எடுத்து வைத்துவிட்டுக் கொல்லைப்புறம் போனாள். நான் தண்ணீர் குடிக்க வந்தவன் மருமகளின் பெயர்ச்சீட்டு ஒட்டிய குப்பியைப் பார்த்தேன். வெளியே முத்து முத்தாக வியர்த்திருந்தது. உள்ளே மாதுளை முத்து நிறத்தில் கல்கல்லாக ஏதோ கிடந்தது, அதற்கு மேல் அரை விரல் உயரத்துக்குத் தண்ணீர் மாதிரி ஏதோ. ஐயையோ, ஈரம் உள்ளே இறங்கிவிட்டதே என்று பட்டது. சுற்றியிருந்த டேப்பைப் பிரித்து முகர்ந்தேன். தின்னர் மாதிரி ஸ்பிரிட் வாடை. எங்கள் தொழிலில் வார்னிஷ் போட்ட காயிலில் தின்னர் முழுக்கப் பறக்காவிட்டால் வேலை நிற்காது. திங்கட்கிழமை பிள்ளை அவமானப்படக் கூடாதே என்று நினைத்தேன்.

அதை வடித்தேன். கற்களை எவர்சில்வர் தட்டில் பரப்பிக் கடைக்குக் கொண்டுபோய், தகரப் பெட்டிக்குள் பல்புக்கு ஒரு சாண் கீழே வைத்தேன். பத்து மணிக்கு வைத்தது. பன்னிரண்டுக்குத் திறந்தால் மாதுளை நிறம் போய் மயில் கழுத்து நீலம்! கற்களெல்லாம் உதிர்ந்து மாவாகியிருந்தன. நன்றாகக் காய்ந்திருக்கிறது என்று சந்தோஷப்பட்டுக் குப்பியில் போட்டு மூடி எடுத்துவந்தேன்.

என் மனைவி பார்த்ததும் தலையில் கை வைத்தாள். "யாரும் தொட வேண்டாம்னு அந்தப் பொண்ணு என்கிட்ட சொல்லிட்டுப் போச்சே! கரண்டு போய் ஃப்ரிட்ஜ் நின்னுடுச்சு, அதுல இப்படி ஆயிடுச்சுன்னு சொல்லிடுங்க."

நல்ல காயிலை எரிந்த காயில் என்று ஒரு வாடிக்கையாளரிடமும் நான் சொன்னதில்லை. மூன்று மணிக்கு மருமகள் உள்ளே வந்து செருப்பைக் கழற்றும்போதே சொல்லிவிட்டேன்.

"உன் குப்பியில ஈரம் இருந்துச்சும்மா. நான்தான் காய வெச்சேன்."

அவள் குப்பியை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். பிறகு அப்படியே சமையலறை வாசலில் உட்கார்ந்துவிட்டாள். திட்டுவாள் என்று நின்றேன். திட்டவில்லை.

"அது ஈரம் இல்ல மாமா. மெத்தனால். அதுல ரெண்டு மூலக்கூறு கோபால்ட்டைப் புடிச்சுக்கிட்டு நின்னாத்தான் அந்தச் சிவப்பு. காய வெச்சதும் ரெண்டும் கழண்டு ஓடிடுச்சு. இது இப்ப வேற பொருள்."

"மறுபடி ஊத்திப் பாக்கலாமாம்மா?"

"பழையபடி ஆகும்னு நம்பி அளக்க முடியாது. புதுசா வளக்க ரெண்டு வாரம் ஆகும்."

 அவள் கைப்பையிலிருந்து நோட்டை எடுத்தாள்.

"எத்தனை வாட் பல்பு?"

"நூறு."

"எவ்வளவு தூரம்?"

"ஒரு சாண். என் சாண் ஒம்பது அங்குலம்."

"எவ்வளவு நேரம்?"

"பத்துலேருந்து பன்னெண்டு. நடுவுல கரண்டு போகல. பெட்டிக்குள்ள எழுபது டிகிரி இருக்கும்."

"இருக்குமா, இருந்துச்சா?"

கடைக்கு ஓடிப்போய், பெட்டியை முன்போலவே எரியவிட்டுத் தெர்மாமீட்டரை வைத்துப் பார்த்துவந்தேன். அறுபத்தெட்டு. எழுதிக்கொண்டாள்.

"சும்மா போறதுக்கு இதையாவது கொண்டுபோறேன். மூடியை நல்லா இறுக்குங்க மாமா. இதுக்குத்தான் இனிமே ஈரம் ஆகாது."

ஞாயிறு மாலை ரயிலேற்றிவிட்டு வந்தேன். புதன்கிழமை போன் செய்தாள்.

"நீலம் நிக்கவே மாட்டேங்குது மாமா. காந்தத்தை எடுத்த உடனே திசையை விட்டுடுது. மெஷினால புடிக்கவே முடியல."

"அப்ப சிவப்பு?"

"அடுத்த முறைக்கு எழுதிக் கொடுத்திருக்கேன். கெடுவையும் நீட்டிக் கேக்கணும்."

கெடுவை நீட்டிக் கொடுத்தார்கள்; ஆனால் ஆய்வேடு அரை வருடம் பின்னால் போனது. கூடப் படித்தவர்கள் எல்லோரும் ஆய்வேடு கொடுத்து முடித்தார்கள். அவள் மறுபடி படிகம் வளர்த்தாள். அந்த மாதங்களில் நான் ஃப்ரிட்ஜைத் திறக்கவே இல்லை. தண்ணீர்கூட மண்பானையில்தான் குடித்தேன். இரண்டாம் முறை மெஷினுக்குப் போய்வந்து, சிவப்பு திசையை விடாமல் வைத்திருந்தது என்று சொன்னாள். கண் சிமிட்டுகிற நேரம்தான். அவள் முகத்தைப் பார்த்தால் ஒரு வருடம் வைத்திருந்த மாதிரி இருந்தது.

ஆய்வேட்டைக் கெட்டி அட்டை போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தபோது, ஒரு பக்கத்தைத் திருப்பிக் காட்டினாள். சிவப்புக்கு ஒரு கோடு, நீலத்துக்கு ஒரு கோடு. பக்கத்தில் இருந்த ஆங்கிலத்தை அவளே தமிழில் படித்தாள்: நூறு வாட் விளக்கின் கீழ், அறுபத்தெட்டு டிகிரியில், இரண்டு மணி நேரம் உலர்த்தப்பட்டது.

"யாரு உலர்த்தினான்னு போடலியா?"

"போட்டா ஏன் உலர்த்தினாருன்னும் எழுதணும் மாமா. பரவாயில்லையா?"

என் மனைவி உள்ளேயிருந்து சிரித்தாள். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். இருந்தாலும் கடைக்கு யார் வந்தாலும் அந்தப் பக்கத்தின் நகலைக் காட்டாமல் அனுப்புவதில்லை. ஏன் உலர்த்தினேன் என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.