‘ஒண்ணுமில்ல’ என்று சொன்ன ஸ்டெல்லா

செவ்வாய்க்கிழமை காலை அலுவலக ஷட்டில் பஸ்ஸில் சன்னிவேலுக்குப் போய்க்கொண்டிருந்தேன். ஸ்டெல்லாவின் எண்ணிலிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி வந்தது. புதுப் பதிவு ஏதோ அனுப்பியிருக்கிறாள், இந்த வாரமும் உயிரை வாங்கப் போகிறாள் என்று நினைத்துக்கொண்டேதான் திறந்தேன். எழுதியிருந்தது அவள் மகன் கெவின். அம்மா விடியற்காலையில் இறந்துவிட்டாள் என்று ஆங்கிலத்தில் ஒரே வரி. பஸ் ஃப்ரீவே நெரிசலில் நின்றுகொண்டிருந்தது. இறங்கி ஓடவும் வழியில்லை.

‘அவர்’ என்று எழுதுவதுதான் மரியாதை. ஆனால் அப்படி எழுதினால் யாரோ ஒரு பெரிய மனுஷியைப் பற்றி எழுதுவது போலிருக்கிறது. ஸ்டெல்லாவுக்கும் எனக்கும் ஒரே வயது. அதனால் ‘அவள்’ என்றே எழுதுகிறேன், மன்னித்துவிடுங்கள்.

தூத்துக்குடிக்காரி. இங்கே அமெரிக்காவிலேயே இருக்கும் டப்ளினில் குடியிருந்தாள். பக்கத்தில் ஒரு கம்யூனிட்டி காலேஜில், இந்த நாட்டுச் சிறுபான்மை மக்கள் எப்படி வாழ்ந்தார்கள், என்னென்ன பட்டார்கள் என்று பாடம் நடத்தினாள். வீட்டுக் கதையை எழுதி வரச் சொன்னால் மெக்சிகோக்காரப் பிள்ளைகளும் வியட்நாம் பிள்ளைகளும் அழ வைத்துவிடுவார்களாம். “நம்ம பிள்ளைங்க மட்டும் அப்பாவோட ரெஸ்யூமேயை எழுதிட்டு வருதுங்க” என்பாள். அந்தக் கோபத்தில்தான் தமிழர்களை வீடு வீடாகப் போய்ப் பேசவைத்துப் பதிவு செய்ய ஆரம்பித்தாள். இதைப் படிக்கும் இந்த ஊர்த் தமிழர்கள் உங்களில் பலரும் அவள் முன்னால் உட்கார்ந்து பேசியவர்கள்தான். பதிவைக் கேட்டு, எழுதி, ஆங்கிலத்தில் மொழிபெயர்ப்பது என் வேலை. சம்பளம் அவள் கொண்டுவரும் மீன் குழம்பு.

அப்படிப் பேசியவர்களில் ஒருவரான சரோஜா ஆன்ட்டி, இங்கே ஒரு பள்ளிக்கூட கஃபேட்டீரியாவில் சாப்பாடு பரிமாறியவர். ஒருநாள் ஒரு வெள்ளைக்காரப் பையனின் அம்மா வந்து, இந்தக் கை என் பிள்ளையின் தட்டைத் தொடக்கூடாது என்று சொல்லியிருக்கிறாள். மறுநாளே ஆன்ட்டியைப் பின்னால் பாத்திரம் கழுவ அனுப்பிவிட்டார்கள். அப்போது உங்களுக்கு எப்படி இருந்தது என்று பதிவில் ஸ்டெல்லா கேட்கிறாள். ஆன்ட்டி “ஒண்ணுமில்ல” என்கிறார். நான் ‘நத்திங்’ என்று எழுதி அனுப்பினேன்.

தாள் திரும்பி வந்தபோது அந்தச் சொல்லின் மேல் சிவப்பு மையில் கோடு. பின்னாலேயே போனும் வந்தது.

“நத்திங்னு போட்டிருக்கியே பிள்ள, டேப்பைக் கேட்டியா இல்லியா? அதுக்கு முன்னாடி பதினோரு செகண்ட் அந்த அம்மா பேசவே இல்ல.”

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. சொல்லாததையெல்லாம் நான் எப்படி மொழிபெயர்க்க முடியும், வேண்டுமானால் நீயே செய்துகொள் என்று கத்தினேன். அவளும் விடவில்லை. “நம்மாளு ஒண்ணுமே இல்லேன்னா வள வளன்னு பேசுவான். ஏதாவது இருந்தாத்தான் ஒண்ணுமில்லம்பான்” என்றாள். இரண்டு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. கடைசியில் நான்தான் இறங்கிப் போனேன். அந்தச் சொல்லைத் தமிழிலேயே விட்டுவிட்டோம். பக்கத்தில், பதினோரு விநாடி மௌனம் என்று மட்டும் குறித்தோம். வகுப்பில் அதைப் படித்த ஒரு வியட்நாம் பெண், எங்கள் அம்மாவிடமும் இப்படி ஒரு சொல் இருக்கிறது என்றாளாம். இதை என்னிடம் சொன்னபோது ஸ்டெல்லாவுக்கு இருந்த பெருமை கொஞ்சநஞ்சமல்ல.

இதையெல்லாம் ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன் என்றால், நான் செய்த தப்பைச் சொல்லத்தான்.

இரண்டு மாதம் முன்னால் அவளுக்கு ஏதோ டெஸ்ட் எடுத்திருந்தார்கள். கார் ஓட்டிக்கொண்டே போனில் கேட்டேன், டாக்டர் என்ன சொன்னார் என்று. கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. சிக்னல் போய்விட்டது என்று நினைத்து ஹலோ, ஹலோ என்றேன்.

“ஒண்ணுமில்ல. நீ பார்த்து டிரைவ் பண்ணு பிள்ள.”

அப்பாடா என்று இருந்தது எனக்கு. அடுத்த பதிவை எப்போது அனுப்புவாய் என்று கேட்டேன். என் வீட்டிலிருந்து டப்ளினுக்கு அரை மணி நேரம்தான். அதற்குப் பிறகு நான் ஒருமுறைகூடப் போகவில்லை. அந்த போன் பேச்சுக்குப் பதிவு கிடையாது. எத்தனை விநாடி பேசாமல் இருந்தாள் என்று இனி எண்ணிப் பார்க்கவும் முடியாது.

சர்ச்சில் இறுதிப் பூசை முடிந்து எல்லோரும் வெளியே வந்தபோது கெவின் என்னிடம் வந்தான். காலேஜ் முடித்த பையன். தமிழ் புரியும், பேச வராது. தினமும் கேட்டேன் ஆன்ட்டி, வலிக்கிறதா என்று தினமும் கேட்டேன் என்று ஆங்கிலத்தில் சொன்னான். கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

“ஷி ஆல்வேஸ் செட் ‘ஒண்ணுமில்ல’. தட் மீன்ஸ் நத்திங், ரைட் ஆன்ட்டி?”

சரியான அர்த்தம் எனக்குத் தெரியும். அதைச் சொல்லிக்கொடுத்தவள் உள்ளே பெட்டியில் கிடந்தாள். அவன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“ஆமாம்ப்பா, நத்திங்தான்” என்றேன்.

ஸ்டெல்லா கேட்டிருந்தால் இந்த நத்திங்குக்கும் கோடு போட்டிருப்பாள். முன்பு அவள் கோடு போட்ட தாள் என் மேசை டிராயரில் இருக்கிறது. அவள் கைபட்டது என்று என்னிடம் இருப்பது அது ஒன்றுதான்.