சத்தம் போடாத ரேடியோ

மாரெட்பள்ளியில் யார் பாட்டுப் போட்டாலும் சீதாராமனுக்குத்தான் காது வலிக்கும். முந்தின நாள்கூட, கல்யாணக்களை கட்டியிருந்த கீழ்வீட்டில் ராஜி போட்ட பாட்டை, "அடுத்தவன் காது உன் சொத்தா?" என்று கேட்டு நிறுத்திவிட்டு வந்த உத்தமர் அவர்.

மறுநாள் ராமச்சந்திராபுரத்தில் ஒரு மனையை அளக்கப் போனார். ஓரிடத்தில் நிறுத்திய கருவி, கையிலிருக்கும் கருவிக்கு ரேடியோவில் விடாமல் கணக்கு அனுப்பினால்தான் அளவு துல்லியமாக வரும். அவர் உரிமம் வாங்கிய, பலரும் முறைபோட்டுப் பயன்படுத்தும் அலைவரிசையிலோ வேறொரு குழு வேலை செய்துகொண்டிருந்தது. உத்தமர் காத்திருப்பாரா? இன்னொன்றுக்குத் தாவினார். அதில் யாராவது பேசுகிறார்களா என்று கேட்டுப் பார்க்காமலே, சக்தியை முழுதாக ஏற்றினார். ரேடியோதான் சத்தமே போடவில்லையே!

சற்று நேரத்தில் தலைக்கவசத்தோடு ராஜி ஓடிவந்தாள். பக்கத்துக் கட்டடத்தில் கிரேன் ஓட்டுநருக்கு வாக்கிடாக்கியில் வழிசொல்வது அவள் வேலை. கையிலிருந்த வாக்கிடாக்கி கர்கர் என்று இரைந்தது.

"மாமா, உங்க பெட்டிதானா? இரும்பு அந்தரத்துல தொங்குது, நான் கத்தறது டிரைவருக்குக் கேக்கவே இல்ல! கையை ஆட்டி நிறுத்திட்டு ஓடி வரேன்."

சீதாராமன் பதறி அணைத்தார். கர்கர் நின்றது.

"லைசென்ஸ் இருக்குல்ல?"

"இருக்கும்மா... இதுக்கு இல்ல."

"அடுத்தவங்க காது..." என்று ஆரம்பித்தவள், அவர் முகத்தைப் பார்த்து முடிக்காமல் போனாள். முடித்திருந்தால் தேவலை.

தன் முறைக்குக் காத்திருந்து வேலையை முடித்து வீடு திரும்பியபோது, கீழ்வீடு நிசப்தமாக இருந்தது. தயங்கித் தயங்கிக் கதவைத் தட்டினார்.

"பாட்டு போடலியாம்மா?"

"நக்கோ மாமா, வேணாம். மேல்வீட்டுல ஒரு பெரியவருக்கு ஆகாது."