ஏரிக்கரைக் குன்றும் அக்காவும்

ரொறன்ரோவில் நின்ற ஐந்து கிழமையில் நான் வாய்விட்டுக் கேட்டது ஒன்றே ஒன்றுதான். நகரத்தின் ஓரத்தில், பெரிய ஏரியின் கரையில், வெள்ளை மண்குன்றுகள் சுவர்போல நிமிர்ந்து நிற்கின்றன. அடியில் மணற்கரை. அக்கா கனடா போன புதிதில் அங்கே நின்று எடுத்த படம் முள்ளியவளையில் எங்கள் வீட்டு அலுமாரிக் கண்ணாடியில் செருகியிருந்தது. சண்டையில் இடம்பெயர்ந்தபோது அலுமாரியோடு அதுவும் போனது. தன் மகளின் கலியாணத்துக்கு அக்கா என்னைக் கூப்பிட, இரண்டு முறை மறுத்த விசா மூன்றாம் முறை கிடைத்தது. அந்த இடத்தைக் காட்ட வேண்டும் என்று உடனேயே சொல்லிவிட்டேன்.

“அதென்ன பெரிய விசயமே? வீட்டிலையிருந்து இருபது நிமிசம்” என்றார் அக்கா.

அந்த இருபது நிமிடத்துக்காக நாலு கிழமை காத்திருந்தேன். கலியாணம் முடிந்தும் வீட்டில் சனம் ஓயவில்லை. வந்தவர்கள் எல்லாரும் ஊரில் மழையா, காணியை ஆர் பார்க்கிறது என்று கேட்டார்கள். நான் ஒரே பதிலைச் சொல்லிக்கொண்டு கதிரையில் இருந்தேன்.

நாலாவது ஞாயிறு அத்தான் ஒருவழியாகக் காரை எடுத்தார். குன்றிலிருந்து கரைக்கு இறங்கும் வீதியில் வாகனங்கள் நகராமல் நின்றன. முக்கால் மணித்தியாலம் நாங்களும் நின்றோம். வரிசையின் முன்னுக்கு வந்தபோது, மஞ்சள் அங்கி போட்ட ஒருவர் கையைச் சுழற்றித் திரும்பச் சொன்னார். வாகனம் விட இடமில்லையாம்.

“நடந்து போவம் அத்தான்.”

“காரை என்ன தலையிலயே வைக்கிறது?”

திரும்பும் வழியில் ஒரு தமிழ்க் கடையில் நிறுத்தி முருங்கைக்காய் வாங்கினார். “பார், ஊரில மாதிரியே இருக்கு” என்று என்னிடம் நீட்டினார். எங்கள் வேலியில் காய்த்து முற்றிக் கிடப்பதைப் பார்க்கவா நான் இவ்வளவு தூரம் வந்தேன்? வாங்கிப் பின் இருக்கையில் வைத்தேன்.

ஊர் திரும்பும் பயணத்துக்கு மூன்று நாள் இருக்கும்போது அக்காவும் நானும் பஸ்ஸில் போனோம். அவருக்குப் பின்னேரம் மூன்று மணிக்கு வேலை. பஸ் எங்களைக் குன்றின் மேல் பக்கத்தில் இறக்கியது. புல்வெளி, கம்பிவேலி, அதற்கப்பால் ஏரி. மேலே நின்றால் குன்று தெரியாது என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது. பார்ப்பதென்றால் கீழே இறங்க வேண்டும்.

“வாங்கோ, இறங்குவம்.”

“நீ போட்டு வா. நான் இதில இருக்கிறன்.”

“ஏன், கால் நோவோ?”

“இல்லை. நீ போ.”

நாலு கிழமைச் சினமும் அப்போது ஒன்றாக வந்தது. “அம்மா செத்ததுக்கும் வரேல்லை. ஒரு இறக்கம் இறங்கி என்னோட வரவும் ஏலாதே?” என்றுவிட்டேன்.

அக்கா வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

“ஊரில கடைசிச் சண்டை நேரம் உங்களில ஒருத்தற்றை கதையும் இல்லை. போன் எடுத்தாலும் போகாது. வேலை முடிய இஞ்சை வந்து, கீழை அந்த மணலில இருப்பன். அப்பிடி எத்தினை நாள். நீங்கள் முகாமில எண்டு கேள்விப்பட்ட பிறகு நான் கீழை போனதில்லை.”

“இதை முதலே சொல்லியிருக்கலாமே அக்கா?”

“நீ ஆசையாக் கேட்டாய். என்னெண்டு சொல்லுறது?”

போகவேண்டாம் என்று நினைத்தேன். அவர்தான் தோளில் தள்ளிவிட்டார். ஓட்டமும் நடையுமாக இறங்கினேன். குன்று படத்தில் கண்டதைவிட உயரம். வெயில் பட்டுக் கண் கூசியது. கரையில் வாத்துகள் நடந்தன. தண்ணீரை அள்ளி வாயில் வைத்தேன். உப்பு இல்லை. எங்கள் முல்லைத்தீவுக் கடலைத் தேடி அக்கா இந்தத் தண்ணீருக்கு முன்னால் இருந்திருக்கிறார். பத்து நிமிடம்கூட நிற்கவில்லை, தொலைபேசி அடித்தது. “வா, பஸ் வரப்போகுது.”

பஸ்ஸில் ஒரே இருக்கையில் இருந்தோம். இதிலிருந்து ஆறாவது தரிப்பில் இறங்கு என்று சொல்லிவிட்டு, இடையில் வேலைக்கு இறங்கிப் போனார். நான் எண்ணிக்கையைத் தவறவிட்டேன். ஒரே மாதிரியான வீடுகளுக்கு நடுவே அரை மணித்தியாலம் நடந்தேன். அத்தானிலோ மஞ்சள் அங்கிக்காரரிலோ கோபமில்லை. முழுக்க என்னில்தான். அம்மாவின் பெயரை ஏன் இழுத்தேன்?

விமானம் ஏறும்வரை அதைப்பற்றி நாங்கள் மறுபடி பேசவில்லை. இப்போது ஞாயிறுதோறும் அக்கா போன் எடுக்கிறார். சண்டை நடந்த அந்த மாதங்களை எப்படிக் கழித்தார் என்று இந்தமுறை கேட்டுவிட வேண்டும் என்று ஒவ்வொரு தடவையும் நினைப்பேன். நெல் விலை, பள்ளிக்கூடம், ஆருக்குக் காய்ச்சல் என்று கதை போகும். பிறகு, “சரி, வைக்கட்டே?” என்பார். “ஓம் அக்கா” என்பேன்.