இரண்டு பக்கத்திலும் சிவப்பு

எங்கள் சங்கத்துக் கல்யாண மண்டபத்துக்கு ஓர் இணையதளம் வேண்டும் என்று நான்கு வருடங்களுக்கு முன் கமிட்டியில் பேச்சு வந்தது. பதினொரு பேர் இருந்தோம். கையைத் தூக்கியவன் நான் ஒருவன்தான். மற்ற பத்துப் பேரும் என் கையைப் பார்த்துவிட்டு டீ குடிக்கப் போனார்கள்.

மண்டல புள்ளிவிவர அலுவலகத்தில் முப்பத்தொரு வருடம் ஆடு, மாடு, கிணறு, தறி என்று கண்ணில் பட்டதையெல்லாம் எண்ணி ஓய்வு பெற்றவன் நான். எண்ணுகிற வேலை முடிந்த பிறகு கவலைப்படுகிற வேலை மட்டும் மிச்சமிருந்தது. ஆந்திர எல்லையோரம் நகரியில் மண்டபம், அதற்கு இரண்டு தெரு தள்ளி என் வீடு. எனவே கவலைக்கும் தூரமில்லை.

உலகம் முழுக்கப் பலர் சேர்ந்து எழுதி, வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளட்டும் என்று விட்டிருக்கிற மென்பொருளை வைத்துத் தளத்தைக் கட்டினேன். வீடியோ பார்த்துத்தான் கற்றுக்கொண்டேன். மொத்தம் இருபத்தாறு வீடியோ, அவற்றில் ஒன்பதை இரண்டு தடவை பார்த்தேன். எழுத வேண்டியதை எழுதி ஒரு பொத்தானை அழுத்தினால் பக்கம் தயார். சட்டையை மாற்றுவதுபோலத் தளத்தின் தோற்றத்தை மாற்றலாம். காலண்டர் வேண்டுமென்றால் அதற்கென்று ஒரு பிளக்இன் இருக்கும், எடுத்துச் சொருகிக்கொள்ள வேண்டியதுதான். எழுபத்தொரு வயதில் எனக்குக் கிடைத்த பெரிய சந்தோஷம் அது. ஆனால் அப்டேட் வந்திருக்கிறது என்று சின்னதாக ஓர் எண் தோன்றினாலே எனக்கு அன்றைக்கு வேறு வேலை ஓடாது. மூன்று பிரதி எடுத்து வைத்துக்கொண்டுதான் கை வைப்பேன்.

தளத்துக்கு ஒரு நாளைக்கு நாற்பத்தோரு பேர் வருகிறார்கள் என்று மனைவியிடம் ஒருநாள் பெருமையாகச் சொன்னேன். அவள் கீரை ஆய்ந்தபடி, "அதுல உங்க தலை எத்தினி?" என்று கேட்டாள். பார்த்தேன். முப்பது. "நீங்களே போய்ப் பாக்கறீங்க, நீங்களே எண்ணிக்கினு கீறீங்க. இது ஊர்க் கணக்கா, ஊட்டுக் கணக்கா?" என்றாள்.

போன தை மாதம் தெலுங்குப் பக்கமும் போட்டேன். எங்கள் ஊர்களில் பாதிக் கல்யாணம் தமிழ், பாதி தெலுங்கு. இரண்டுக்கும் பஞ்சாங்கம் வேறு. எங்களுக்கு ஆடி ஆகாது, அவர்களுக்கு ஆஷாடம் ஆகாது. இரண்டும் சேர்ந்து தொடங்குவதும் இல்லை, சேர்ந்து முடிவதும் இல்லை. அவர்கள் கல்யாணம் வேண்டாம் என்கிற நாளில் நாங்கள் பந்தல் போடுவோம், நாங்கள் வேண்டாம் என்கிற நாளில் அவர்கள் தோரணம் கட்டுவார்கள். இரண்டு பஞ்சாங்கத்திலும் நல்ல நாளாக இருப்பது குறைவு. வைகாசியில் தேடினேன், நான்குதான் தேறின. அவற்றில் ஞாயிற்றுக்கிழமை ஒன்றே ஒன்று.

தெலுங்குப் பக்கம் உண்டாக்கும்போது காலண்டரைப் பற்றி மொழி பிளக்இன் ஒரு கேள்வி கேட்டது: இரண்டு பக்கத்துக்கும் ஒன்றே போதுமா, தனிப் பிரதி வேண்டுமா? முப்பத்தொரு வருட உத்தியோகத்தில் பிரதி வேண்டாம் என்று நான் சொன்னதே இல்லை. தெலுங்குக்கு ஒரு கோப்பு, ஆங்கிலத்துக்கு ஒரு கோப்பு என்றே பழகியவன். பிரதி வேண்டும் என்று அழுத்தினேன்.

பதிவான நாள் காலண்டரில் சிவப்பாகிவிடும். எனக்கு ஒரு மெயிலும் வரும். மெயிலில் உள்ள தேதி சிவப்பாக இருக்கிறதா என்று தமிழ்ப் பக்கத்தில் பார்த்து, மெயில் வந்த வரிசைப்படி நோட்டில் டிக் அடிப்பேன். தெலுங்குப் பக்கத்தைத் தனியாகப் பார்த்ததில்லை. கண்ணாடியில் தெரிகிற முகத்தை யாராவது தனியாக எண்ணுவார்களா?

தன் வீட்டுக் கல்யாணத்துக்குப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது புத்தூரிலிருந்து ஓர் அம்மாள் போன் செய்தார். தெலுங்குக்காரர், பள்ளித் தலைமையாசிரியை. மகளின் கல்யாணத்துக்கு எங்கள் மண்டபத்தைப் பதிவு செய்திருந்தார். சாப்பாட்டுக் கூடத்தில் ஒரு பந்திக்கு எத்தனை பேர் உட்காரலாம் என்று கேட்டார். தொண்ணூற்றாறு என்று சொல்லிவிட்டு, எந்தத் தேதி என்று கேட்டேன். வைகாசியின் அந்த ஒற்றை ஞாயிற்றுக்கிழமையைச் சொன்னார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஊர் விசைத்தறிக்காரர் ஒருவருடைய மகளுக்குக் கல்யாணம். பத்திரிகை என் மேஜை மேலேயே இருந்தது.

தமிழ்ப் பக்கத்தைத் திறந்தேன், அந்த நாள் சிவப்பு. தெலுங்குப் பக்கத்தைத் திறந்தேன், அங்கேயும் சிவப்பு. இதில் என்ன தப்பு என்று ஒரு நிமிடம் எனக்கே விளங்கவில்லை. அப்புறம்தான் உறைத்தது: அங்கே தறிக்காரருக்காகச் சிவப்பு, இங்கே அம்மாளுக்காகச் சிவப்பு. அம்மாளின் மெயில் வந்த அன்று தமிழ்ப் பக்கத்தில் தேதி சிவப்பாகத்தான் இருந்தது. தறிக்காரரின் சிவப்பைப் பார்த்து அம்மாளுக்கு டிக் அடித்திருக்கிறேன்.

அந்த மென்பொருள்காரர்கள் ஒருவருக்கொருவர் சந்தேகம் கேட்டுக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. அங்கே எழுதிப் போட்டேன். எந்த நாட்டவரோ, முகம் தெரியாத ஒருவர், ஆறு நிமிடத்தில் பதில் போட்டார். உங்களிடம் இருப்பது இரண்டு பக்கத்தில் தெரிகிற ஒரு காலண்டர் அல்ல, இரண்டு காலண்டர் என்றார். எங்கே போய் எதை மாற்றுவது என்றும் வரிசையாக எழுதியிருந்தார். நாற்பது நிமிடத்தில் காலண்டர் ஒன்றாகிவிட்டது. வேறு எந்த நாளும் மோதவில்லை என்று ஐந்து தடவை சரிபார்த்தேன். ஆனால் மண்டபம் ஒன்று, நாள் ஒன்று, பத்திரிகை இரண்டு. இதைச் சரிசெய்ய எந்தப் பிளக்இன்னும் இல்லை.

முதலில் தறிக்காரர் வீட்டுக்குப் போனேன். அந்தக் கல்யாணம் ஏற்கெனவே ஒரு தடவை தள்ளிப்போனது. அவர் மாடிப்படியில் விழுந்து கால் ஒடிந்து, புத்தூரில் கட்டுப் போட்டுக்கொண்டு இரண்டு மாதம் படுத்திருந்தார். மறுபடியும் தேதி மாறினால் சம்பந்தி வீட்டில் பெண்ணின் ராசியைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவார்கள் என்பது ஊருக்கே தெரியும். நான் சொன்னதையெல்லாம் தறியை நிறுத்திவிட்டுக் கேட்டார். திட்டவில்லை.

"மொத தரம் என் காலு ஒடிஞ்சிச்சு, தள்ளி வெச்சோம்ணா. இப்ப உங்க கம்ப்யூட்டரு ஒடிஞ்சிச்சுன்னு தள்ளி வெக்கச் சொல்றீங்களா?" என்றார்.

அதைவிட நாலு வார்த்தை திட்டியிருக்கலாம். உள்ளே அந்தப் பெண் தையல் மெஷினை நிறுத்திவிட்டு என் பதிலுக்காகக் காத்திருந்தது தெரிந்தது. உங்கள் நாள் மாறாது என்று சொல்லிவிட்டு வந்தேன். எந்த தைரியத்தில் சொன்னேன் என்று புத்தூர் பஸ்ஸில் உட்கார்ந்த பிறகுதான் யோசித்தேன்.

தலைமையாசிரியை எனக்கு மோர் கொடுத்து உட்கார வைத்தார். நான் பஸ்ஸில் மனப்பாடம் செய்துகொண்டு போன மன்னிப்பில் பாதிகூடச் சொல்லி முடிக்கவில்லை. அவர் கையைக் காட்டி நிறுத்தி, அந்த இன்னொரு வீட்டாரின் முகூர்த்தம் எத்தனை மணிக்கு என்று கேட்டார். காலை ஆறிலிருந்து ஏழரை என்றேன். எழுந்துபோய்த் தன் மகளின் பத்திரிகையைக் கொண்டுவந்து என் கையில் வைத்தார். இரவு ஏழு மணி நாற்பத்திரண்டு நிமிடம்.

"அவங்களுக்குப் பொழுது விடிஞ்சதும் முகூர்த்தம், எங்களுக்குப் பொழுது போனப்புறம். நடுவுல பன்னெண்டு மணி நேரம் இருக்கு கதா, இல்லையா சார்?"

"பன்னிரண்டு மணி பன்னிரண்டு நிமிடம்" என்றேன். அவர் சிரித்த சிரிப்பில் உள் அறையிலிருந்து கல்யாணப் பெண் எட்டிப் பார்த்தாள்.

அதன் பிறகு பத்து நாள் எனக்குத் தூக்கமும் இல்லை, அலுப்பும் இல்லை. நாற்காலி நானூற்றிருபது, மேஜை முப்பத்தெட்டு, பகல் இரண்டு மணிக்குள் மண்டபம் காலி, நான்குக்குள் மேடை அலங்காரம் மாற வேண்டும் என்று நிமிடக் கணக்கில் பட்டியல் போட்டு இரண்டு வீட்டுக்கும் கொடுத்தேன். ஒரே சமையல்காரர் இரண்டுக்கும் ஒப்புக்கொண்டார். காலையில் நம் சாம்பார், இரவுக்கு அவர்களுடைய பப்பு, கோங்குரா. வாசலில் கட்டுகிற வாழைமரத்தில்தான் ஓர் இழுபறி. ஒரு கல்யாணத்துக்குக் கட்டியதை இன்னொன்றுக்கு விடலாமா என்று கமிட்டித் தலைவர் இழுத்தார். தறிக்காரரின் மனைவி, "குலை தள்ளின மரம் சார், கீழ யாரு போனாலும் வாழ வெக்கும், உடுங்க" என்று முடித்துவிட்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஏழு மணி ஐந்து நிமிடத்துக்குத் தறிக்காரர் மகள் கழுத்தில் தாலி ஏறியது. அட்சதை போடும்போதே கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டேன். அதுவரைக்கும் பட்டியல்படி நடந்தது. அப்புறம் நடக்கவில்லை.

சித்தூரிலிருந்து பஸ்ஸில் வர வேண்டிய தெலுங்கு மாப்பிள்ளை வீட்டார் மூன்று மணிக்குப் பதில் ஒன்று பத்துக்கே வந்து இறங்கிவிட்டார்கள். நாற்பத்தேழு பேர், நல்ல வெயில், நல்ல பசி. உள்ளே தமிழ் வீட்டின் மூன்றாவது பந்தி ஓடிக்கொண்டிருந்தது. நான் பட்டியலைப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றேன். தறிக்காரர் விந்தி விந்தி வந்து, யார் என்று என்னிடம் கேட்டார். சொன்னேன்.

"கல்யாண ஊட்டுக்கு வந்தவங்கள வெயில்ல நிறுத்திக்கினு இன்னாணா கணக்கு?" என்று சொல்லிவிட்டு, தெலுங்கில் அவர்களைக் கூப்பிட்டுக்கொண்டு போய் இலையில் உட்கார வைத்தார். நாற்பத்தேழு பேரும் எங்கள் வத்தக்குழம்பை இரண்டாம் முறை கேட்டு வாங்கினார்கள்.

அதோடு இரண்டு வீட்டுக்கும் நடுவில் நான் போட்டிருந்த கோடு போயிற்று. ஐந்து மணி ரயிலுக்கு அரக்கோணம் போகவேண்டிய தறிக்காரரின் உறவினர்கள் போகவில்லை. சாப்பிட வைத்துவிட்டு முகூர்த்தம் பார்க்காமல் எப்படிக் கிளம்புவது என்று முன் வரிசையில் உட்கார்ந்துவிட்டார்கள். அவர்கள் வீட்டுப் பெண்கள் தெலுங்குக் கல்யாணப் பெண்ணுக்குப் பூ தொடுத்தார்கள். காலையில் தாலி கட்டிக்கொண்ட பெண் மாலையில் இந்தப் பெண்ணுக்கு ஜடை பின்னிக்கொண்டிருந்தாள். சாயங்காலம் வாசலில் பன்னீர் தெளிக்க ஆள் இல்லை என்று தலைமையாசிரியை தேடினபோது, சொம்போடு அங்கே நின்றுகொண்டிருந்தவர் தறிக்காரர்.

சீரகமும் வெல்லமும் சேர்த்து அரைத்ததை மணமக்கள் ஒருவர் தலையில் ஒருவர் வைப்பதுதான் அவர்களுக்கு முகூர்த்த நேரம். புரோகிதர் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், தலைமையாசிரியை தன் போனைப் பார்த்தார், நான் என்னுடையதைப் பார்த்தேன். மூன்றும் மூன்று நேரம் காட்டின. எது சரி என்று நான் தவித்துக்கொண்டிருக்கும்போதே பின்னாலிருந்து தறிக்காரர், "போடுங்கணா, எல்லாம் நல்ல நேரம்தான்" என்றார். மணமக்களுக்கு நடுவில் பிடித்திருந்த திரை இறங்கியது. தமிழ்க் கையும் தெலுங்குக் கையும் அட்சதை போட்டன.

இரவுச் சாப்பாட்டுக்கு முந்நூற்றெண்பது இலை என்று மதிப்பிட்டிருந்தேன். சமையல்காரர் இரண்டு தடவை உலை வைத்தார், என்னை ஒருதடவை முறைத்தார். கடைசிப் பந்தி எழுந்ததும் எச்சில் இலைகளைக் கூடை கூடையாக எண்ணினேன். ஐந்நூற்றுப் பத்து. அதற்குள் மனைவி மூலை மேஜையில் இன்னோர் இலையை விரித்துத் தண்ணீர் தெளித்து, "எண்ணினது போதும், வந்து துன்னுங்க" என்றாள்.

ஐந்நூற்றுப் பதினொன்று.